பூச்சிக்கும் பறவைக்கும் வழி எப்படித் தெரிகிறது?

ஆகஸ்ட் 2, ஒரு வாசகர் எழுதியது

எறும்பு, தேனீ, வலசைப் பறவை என்று எதை எடுத்தாலும் அதிசயம் அதிசயம் என்கிறார்கள். எறும்பு முன்னால் போன எறும்பின் வாசனையைப் பிடித்துக்கொண்டு போகிறது. பறவையின் உடம்பில் காந்தம் இருக்கிறது. எல்லாம் பிறக்கும்போதே வந்தது. கற்றுக்கொள்வதும் கிடையாது, கணக்குப் போடுவதும் கிடையாது. இதில் திறமை என்று சொல்ல என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 2, மாலை

வாசனை என்று நீங்கள் சொல்வது சுவரில் சாரை சாரையாகப் போகும் எறும்புக்குச் சரி. அந்தச் சாரையின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரத் துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறேன். துடைத்த ஓரத்துக்கு வந்ததும் முதல் எறும்பு நிற்கும். உணர்கொம்பால் தரையைத் தட்டித் தட்டிப் பார்க்கும், திரும்பும், பின்னால் வருவதோடு முட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்திலும் அதே தடுமாற்றம். கொஞ்ச நேரத்தில் ஒன்று துணிந்து ஈரத்தைக் கடக்கும், அப்புறம் இன்னொன்று. பிறகு பார்த்தால் சாரை பழையபடி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் எல்லா எறும்பும் இப்படி இல்லை. துனிசியாவின் உப்புப் பாலைவனத்தில் கேட்டகிளிஃபிஸ் என்றொரு எறும்பு உண்டு. நல்ல உச்சி வெயிலில் தனியாகக் கிளம்பும், வெயிலில் செத்து விழுந்த பூச்சிகளைத் தேடி. அந்தச் சூட்டில் தரையில் வாசனை தங்காது. தொட்டு அடையாளம் வைத்துக்கொள்ளக் கல்லோ செடியோ கிடையாது. புற்றிலிருந்து 100 மீட்டருக்கு மேல்கூட வளைந்து நெளிந்து அலையும். இரை கிடைத்ததும் வந்த வழியே திரும்பாது. புற்றை நோக்கி நேர்கோட்டில் ஓடும்.

அப்படி ஓடத் தொடங்கும்போது எறும்பைத் தூக்கி வேறோர் இடத்தில் விட்டால் என்ன செய்யும் தெரியுமா? அதே திசையில், அதே தூரம் ஓடிவிட்டு, இல்லாத புற்றை அங்கே தேடும். வாசனை பிடித்துப் போகிற உயிர் இப்படிச் செய்யாது. அது திசையையும் தூரத்தையும் எங்கோ வைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 3

தூரத்தை எப்படி வைத்திருக்கிறது என்பதற்கு 2006-இல் பதில் கிடைத்தது. விட்லிங்கர், வேனர், வோல்ஃப் ஆகிய மூவரும் இந்த எறும்புகளைப் புற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருந்த இரைக்கு நேராக நடக்கப் பழக்கினார்கள். எறும்பு இரையைத் தூக்கிக்கொண்டு திரும்பும் நேரத்தில் அதைப் பிடித்து, சிலவற்றின் ஆறு கால்களிலும் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் வைத்தார்கள். வேறு சிலவற்றின் கால்களைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கினார்கள். (இதைப் படிக்கும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை, இப்போதும்தான்.) பொய்க்கால் எறும்பு புற்றைத் தாண்டிப் போய்ச் சுமார் 15 மீட்டரில் தேடத் தொடங்கியது. குட்டைக்கால் எறும்பு 6 மீட்டர் வருவதற்குள்ளேயே நின்று தேடியது.

காலடிதான் அதன் அளவுகோல். போகும்போது எத்தனை அடி வைத்ததோ வரும்போதும் அத்தனை. அடியின் நீளம் மாறியது எறும்புக்குத் தெரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. அதே எறும்புகளைப் புற்றில் விட்டு, அவை மறுபடி புதிய காலோடு கிளம்பியபோது போன தூரமும் வந்த தூரமும் பொருந்திவிட்டன. பொய்க்கால் எறும்பு, குட்டைக்கால் எறும்பு இரண்டுமே சரியான இடத்தில் புற்றைத் தேடின. "10 மீட்டர்" என்ற விடை பிறவியில் வரவில்லை. அளக்கும் முறை மட்டும் வந்திருக்கிறது, விடையை ஒவ்வொரு முறையும் எறும்பே எடுக்கிறது. நீங்கள் "கணக்குப் போடுவது கிடையாது" என்றதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

ஆகஸ்ட் 3, இரவு

திசை பற்றிச் சொல்லாமல் விட்டேன். சூரியன்தான். இதைக் கண்டுபிடித்தவர் துனிசியாவில் மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் சான்ச்சி, 1911-இல். எறும்புக்கு உண்மையான சூரியனை மறைத்து, கண்ணாடியில் எதிரொளித்த சூரியனை எதிர்ப்பக்கத்தில் காட்டினார். எறும்பு திரும்பி எதிர்த்திசையில் நடந்தது. கையில் ஒரு கண்ணாடியும் ஒரு மறைப்பும் மட்டும்! சூரியனே தெரியாதபோதும் வானத்தின் ஒரு துண்டு தெரிந்தால் போதும், ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை எறும்பின் கண் பிரித்தறியும். தளவிளைவு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

ஆகஸ்ட் 5

தேனீயும் காலடி எண்ணுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பறக்கிற உயிருக்கு ஏது காலடி? ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

தேனீயின் வாலாட்டு நடனம் பலருக்கும் தெரிந்திருக்கும். கார்ல் ஃபான் ஃபிரிஷ் அதன் பொருளை அவிழ்த்தார், 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செங்குத்தான அடையின் மேல் தேனீ வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடும். அந்த ஓட்டம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்கிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு சாய்வில் பூ இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தொலைவு.

தொலைவை எப்படி அளக்கிறது என்பது வெகுநாள் புதிர். செலவான சக்தியை வைத்து என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஸ்ரீனிவாசனும் கூட்டாளிகளும் 2000-இல் செய்த சோதனை அதைப் புரட்டிப் போட்டது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள குறுகிய சுரங்கம், உள்சுவரில் புள்ளியும் கட்டமுமாகக் கோலங்கள். அதற்குள் பறந்து தேனருந்திய தேனீ கூட்டுக்கு வந்து கிட்டத்தட்ட 200 மீட்டர் என்று ஆடியது. சுவர் பக்கத்திலேயே இருப்பதால் கோலங்கள் கண்ணில் விரைந்து ஓடுகின்றன, தேனீ நெடுந்தூரம் வந்ததாக எடுத்துக்கொள்கிறது. கோலத்தை மாற்றி, பறக்கும் திசையிலேயே நீளவாட்டில் கோடு போட்டபோது கண்ணில் எதுவும் ஓடவில்லை. நடனமும் பக்கத்தில்தான் என்றது.

பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் அருகிலுள்ள மரங்கள் பறக்கும், தூரத்து மலை நகராது. அந்த ஓட்டத்தைத்தான் தேனீ கூட்டிக்கொண்டே வருகிறது.

ஆகஸ்ட் 5, சற்றுப் பின்

நடனமாவது பிறவியில் முழுசாக வந்ததா என்றால், அதுவும் இல்லை. 2023-இல் வந்த ஆய்வு: அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே இல்லாமல், இளம் தேனீக்களை மட்டும் வைத்துக் கூட்டங்கள் அமைத்தார்கள். அவை ஆடின, ஆனால் பிசகோடு. போகப் போகத் திசைப் பிசகு குறைந்தது. தூரம் சொல்வதில் இருந்த பிசகு மட்டும் கடைசிவரை போகவில்லை. மூத்த தேனீ ஆடும்போது பின்னாலேயே தொட்டுத் தொடர்ந்துபோன இளசுகளுக்கு இந்தக் குறை இல்லை. கற்றுக்கொள்வதற்கு ஒரு பருவம் இருக்கிறது, அதைத் தவறவிட்டால் ஒரு பாதி வராமலே போகிறது.

ஆகஸ்ட் 8

காந்தம் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு வருகிறேன்.

வடகிழக்கு அட்லாண்டிக்கில் அசோர்ஸ் தீவுகள் இருக்கின்றன. கோரி ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை அங்கே கூடு வைக்கும். கலியார்டோ குழுவினர் 24 பறவைகளை எடுத்து, கப்பலில் 800 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நடுக்கடலில் விட்டார்கள். ஒரு பங்குக்கு எதுவும் செய்யவில்லை. இன்னொரு பங்கின் தலையில் சிறு காந்தத்தை ஒட்டிக் காந்த உணர்வைக் குழப்பினார்கள். மூன்றாவது பங்குக்கு மூக்கைக் கழுவி, கொஞ்ச காலத்துக்கு முகரும் திறனை நீக்கினார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. காந்தம் ஒட்டிய பறவைகள் மற்றவற்றைப் போலவே வீடு வந்தன. முகர முடியாதவை திசை தெரியாமல் கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைந்தன.

எறும்புக்கு வாசனை, பறவைக்குக் காந்தம் என்றீர்கள். துனிசியா எறும்பு வாசனை இல்லாமல் வீடு போகிறது. அசோர்ஸ் பறவை வாசனை இல்லாமல் வீடு வரமுடியாமல் தவிக்கிறது. திறந்த கடலில் நமக்கு எங்கும் ஒரே உப்புக் காற்று. அதில் இடத்துக்கு இடம் வாசனை மாறுவதை வைத்து ஒரு பறவை தான் எங்கே இருக்கிறது என்று அறிகிறது என்பதை முதலில் படித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 9

அதற்காகக் காந்தம் பொய் என்று ஆகிவிடாது. ஐரோப்பாவின் ராபின் குருவிக்குக் காந்த உணர்வு இருப்பதை வில்ச்கோ தம்பதியர் காட்டினார்கள். ஆனால் உடம்பில் ஒரு காந்தத் துண்டு என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இப்போது வலுவாக நிற்கும் விளக்கம் கண்ணுக்குள் இருக்கும் கிரிப்டோகுரோம் என்ற புரதம். நீல ஒளி பட்டதும் அதில் நடக்கும் வேதிமாற்றம் பூமியின் காந்தப்புலத்துக்கு ஏற்ப மாறுகிறது. வடக்கு எது, தெற்கு எது என்று அந்தக் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. காந்தக் கோடு தரையை நோக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் தெரியும், அதாவது துருவப் பக்கமா நிலநடுக்கோட்டுப் பக்கமா என்று.

ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இந்த ராபின்கள் பரிசோதனைக் குடிலில் திசையே பிடிக்காமல் திகைத்தன. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துத் தரையிணைப்புக் கொடுத்ததும் சரியான திசைக்குத் திரும்பின. காரணம் ஊரிலிருக்கும் மின்கருவிகள் கசியவிடும் ரேடியோ இரைச்சல். மிகவும் மெலிந்த இரைச்சல்தான். 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு சிட்டு பத்து, இருபது கிராம் உடம்போடு இரவில் கடல் தாண்டுகிறது, நாம் பொத்தானைத் தட்டிவிட்டுப் போன கருவி அதன் திசையைக் கலைக்கிறது. இதை எண்ணினால் கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 9, இரவு

நட்சத்திரம் பார்த்துப் பறக்கும் பறவைகளுக்கு எந்த நட்சத்திரம் என்பது பிறவியிலேயே தெரியுமா என்று ஒரு கேள்வி.

தெரியாது. ஸ்டீஃபன் எம்லன் வட அமெரிக்காவின் இண்டிகோ பண்டிங் என்ற நீலச் சிறுகுருவியை வைத்து இதைக் கண்டார். அவர் செய்த கூண்டைச் சொல்லியே ஆகவேண்டும். மை ஒற்றும் தாளைப் புனலாகச் சுருட்டி, அடியில் மைத்திண்டு வைத்தார். வலசைப் பருவத்தில் இரவானால் குருவிக்கு இருப்புக் கொள்ளாது, போகவேண்டிய திசையில் திரும்பத் திரும்பத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் மைக்கால் தாளில் படும். காலையில் தாளை விரித்தால் எந்தப் பக்கம் கறுத்திருக்கிறதோ அதுதான் அது போக நினைத்த திசை.

குஞ்சுகளைக் கோளரங்கத்தில் வளர்த்தார். சிலவற்றுக்கு வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழன்றது, இயற்கையில் இருப்பதுபோல. சிலவற்றுக்கு வானத்தைத் திருவாதிரையைச் சுற்றிச் சுழலவிட்டார், ஓரியனின் தோளில் சிவப்பாக இருக்குமே, அதே நட்சத்திரம். இலையுதிர் காலம் வந்தது. முதல் வகை துருவ நட்சத்திரத்துக்கு முதுகு காட்டித் தெற்கே தாவியது. இரண்டாம் வகை திருவாதிரைக்கு முதுகு காட்டித் தாவியது! அசையாமல் நிற்கும் புள்ளி எதுவோ அதுதான் வடக்கு என்று எடுத்துக்கொள்ளத்தான் பிறவி சொல்லித் தருகிறது. எது அசையாமல் நிற்கிறது என்பதைக் குஞ்சு வானத்தைப் பார்த்துக் கற்கிறது.

ஆகஸ்ட் 10

சாணி உருட்டும் வண்டும் வானம் பார்க்கும். உருண்டையின் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக உருட்டத் தொடங்கும். ஜோஹன்னஸ்பர்க் கோளரங்கத்தில் பால்வீதியின் மங்கல் பட்டையை மட்டும் காட்டியபோதும் நேராகவே போனது, தலையில் அட்டைத் தொப்பி மாட்டினால் கோணல்மாணலாகப் போனது. இது 2013-இல் வந்த ஆய்வு. வீட்டுக்குப் போவது அதன் நோக்கமில்லை, மற்ற வண்டு பிடுங்குவதற்குள் சாணக்குவியலை விட்டு விலகுவதுதான். அதற்கு நேர்கோடு போதும்.

ஆகஸ்ட் 13

எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது, நியாயமானது. 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் பறந்தது. சுமார் 13,560 கிலோமீட்டர், 11 நாள். அதன் வயது ஏறக்குறைய ஐந்து மாதம். முன்பின் போகாத வழி. அது எங்கே போய்க் கற்றது?

இந்தப் பறவையைப் பற்றி முதலில் உடம்பைச் சொல்லவேண்டும். கிளம்புமுன் எடையில் பாதி கொழுப்பாகும்வரை தின்னும். அப்புறம் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் சுருங்கும், வழியில் தின்னப் போவதில்லை என்பதால் அந்தச் சுமை வேண்டாம். வழியில் தண்ணீரில் இறங்கவும் முடியாது, இது நீந்தி ஓய்வெடுக்கும் பறவை இல்லை.

கேள்விக்கு வருகிறேன். நான் "அளக்கும் முறை மட்டும்" என்று எழுதியதை இந்தப் பறவைக்கு அப்படியே வைக்க முடியாது, இங்கே திசையும் கூடவே பிறக்கிறது. 1950-களில் பெர்டெக் என்பவர் நெதர்லாந்தில் ஸ்டார்லிங் பறவைகளை, மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை அது, 11,000-க்கும் மேல் பிடித்து, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். அவை வழக்கமாகக் குளிர்காலத்தைக் கழிப்பது தென் இங்கிலாந்திலும் வட பிரான்சிலும். முன்பு ஒருமுறையாவது போய்வந்த மூத்த பறவைகள் இடம் மாறியதை உணர்ந்து வடமேற்காகத் திரும்பி அங்கேயே போய்ச் சேர்ந்தன. முதல்முறை கிளம்பிய இளசுகள் தென்மேற்கு என்ற தங்கள் திசையிலேயே போய் தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இறங்கின.

ஆக இளசுக்குத் திசை தெரியும், இடம் தெரியாது. இடம் போய்வந்தவர்களுக்குத்தான் தெரியும். பிறவிக்கும் படிப்புக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்பது உயிருக்கு உயிர் மாறுகிறது. அதைத் தேடிப் பார்ப்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆசை.

ஆகஸ்ட் 14

மரங்கொத்தியின் மண்டையில் அதிர்ச்சி தாங்கும் பஞ்சு இருக்கிறது, அதையும் சேருங்கள் என்கிறார் ஒருவர். வழிக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது எல்லா இடத்திலும் சுற்றும் கதை. 2022-இல் அதிவேகக் கேமராவில் அளந்தபோது அலகும் மண்டையும் ஒரே வேகத்தில்தான் நிற்கின்றன, நடுவில் எதுவும் அதிர்வை வாங்கிக்கொள்வதில்லை. வாங்கிக்கொண்டால் கொத்தும் பலமே குறைந்துவிடுமே! மூளை சிறியது, அதனால் அந்த இடி அதற்குத் தாங்கக்கூடியது.

ஆகஸ்ட் 17

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா என்றால், குளவி.

மண்கூடு கட்டும் குளவி ஜன்னல் சட்டத்தில் இடம் பிடித்தால் விரட்டாமல் பாருங்கள். புதுக் கூட்டிலிருந்து முதல் தடவைகளில் கிளம்பும்போது அது நேராகப் பறந்துபோகாது. வெளியே வந்ததும் திரும்பிக் கூட்டைப் பார்த்தபடி அந்தரத்தில் நிற்கும். முகம் கூட்டின் பக்கமே இருக்க, உடம்பு இடமும் வலமுமாக வில்வடிவில் ஊசலாடும். ஒவ்வொரு வில்லும் முந்தியதைவிட அகலம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பின்னே, கொஞ்சம் மேலே. அப்புறம் சட்டென்று காணாமல் போகும். சுற்றுப்புறத்தை மனதில் பதித்துக்கொள்ளும் வேலை அது. நான் பார்த்த குளவி இப்படிப் போன பிறகு, கூட்டுக்குப் பக்கத்திலிருந்த பூந்தொட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தேன். திரும்பி வந்தது வாயில் மண்ணுருண்டையோடு தொட்டி போன பக்கமாகவே இறங்கி, வெறும் சட்டத்தைத் தடவித் தடவித் தேடியது. தொட்டியைப் பழைய இடத்தில் வைத்ததும் நேரே கூட்டுக்கு வந்தது.

இதை முறையாகச் செய்தவர் நிக்கோ டின்பெர்கன். தரையில் வளை தோண்டி வாழும், தேனீயை வேட்டையாடும் ஒரு குளவியின் வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்தார். குளவி வெளியே போயிருந்தபோது வட்டத்தை நகர்த்தினார். குளவி வந்து காய்வட்டத்தின் நடுவில் இறங்கியது, பக்கத்திலேயே இருந்த தன் வளையைக் கவனிக்கவில்லை. ஃபிரிஷோடு நோபலைப் பகிர்ந்த இருவரில் இவரும் ஒருவர்.

ஆகஸ்ட் 20

விட்டில் விளக்கில் விழுவதைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நிலா என்று நினைத்து ஏமாறுகிறது, வெப்பத்துக்கு வருகிறது என்று இரண்டு பழைய விளக்கங்கள் உண்டு. 2024-இல் வந்த ஆய்வில் அதிவேகக் கேமரா வேறொன்றைக் காட்டியது. பூச்சி விளக்கை நோக்கிப் பறப்பதில்லை, விளக்குக்கு முதுகைத் திருப்புகிறது. கோடானுகோடி இரவுகளாக வானம் தரையைவிட வெளிச்சம். வெளிச்சத்துக்கு முதுகு காட்டினால் உடம்பு சமநிலையில் இருக்கும், அவ்வளவுதான் விதி. பக்கவாட்டில் ஒரு விளக்கு வந்ததும் அந்த விதி பூச்சியைச் சாய்க்கிறது, சாய்ந்தால் வளைகிறது, வளைந்துகொண்டே சுற்றுகிறது. விளக்குக்கு மேலே பறந்தால் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது.

இதைப் படித்த பிறகு விளக்கடியில் நின்று பார்த்தேன். சுற்றும் பூச்சிகள் கிட்டத்தட்ட எல்லாமே முதுகை விளக்கின் பக்கம் வைத்துத்தான் சுற்றின. அரளிச்செடியில் வளரும் பச்சை அந்துப்பூச்சி போன்ற ஓரிரண்டு மட்டும் இதற்கு விலக்கு என்கிறது அதே ஆய்வு.

ஆகஸ்ட் 21

"அப்படியானால் விளக்கை என்ன செய்வது?" வேண்டாத நேரத்தில் அணைப்பது முதல் வேலை. எரிந்தே ஆகவேண்டிய விளக்கென்றால் மேலேயும் பக்கவாட்டிலும் மூடி, வெளிச்சம் தரைக்கு மட்டும் போகும்படி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் பொகோங் அந்துப்பூச்சி ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் பறந்து மலைக்குகைகளுக்குப் போகிறது, அதற்கு நட்சத்திரங்கள் வழிகாட்டுகின்றன என்று 2025-இல் காட்டியிருக்கிறார்கள். பூச்சி ஒன்று நெடுந்தூரம் போக நட்சத்திரத்தைப் பயன்படுத்துவது முதல்முறையாகத் தெரியவந்தது அப்போதுதான். அதன் மூளை ஓர் அரிசியைவிடச் சிறியது. வெயில் காலத்தை அந்தக் குகைகளில் கழித்துவிட்டு, அதே பூச்சி இலையுதிர் காலத்தில் பிறந்த இடத்துக்குத் திரும்பும், திரும்பும்போது திசையை அப்படியே மாற்றிக்கொண்டு.